பக்திமான் லூயி உண்மையில் பலவீனமான பேரரசரா?

கேள்வி: மேற்கு ஐரோப்பாவில் சார்லமேன் கட்டியெழுப்பிய பிராங்கியப் பேரரசு அவருடைய மகன் லூயியின் காலத்திலேயே ஆட்டம் கண்டது ஏன்? மடத்தில் இருந்திருக்க வேண்டிய மனிதர் அரியணையில் உட்கார்ந்ததுதான் காரணம் என்று சொல்கிறார்களே, அது சரியா?

அப்பன் சிங்கம், பிள்ளை சாமியார் என்ற கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 814 முதல் 840 வரை 26 ஆண்டுகள் ஆண்டு, பெற்ற பிள்ளைகளே இரண்டு முறை கவிழ்த்தும் இரண்டு முறையும் எழுந்து வந்து, பேரரசராகவே கண்ணை மூடிய ஒருவரைப் பலவீனர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைக் கெடுத்தது பக்தி என்றும் நான் நினைக்கவில்லை. கடவுளைச் சாட்சி வைத்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். பிறகு அதைத் தாமே கிழித்தார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சார்லமேனின் 'ஒன்றுபட்ட பேரரசு' பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பிராங்கியர்களுக்கு அரசு என்பது குடும்பச் சொத்து. எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு. சார்லமேனே 768-ல் தம்பி கார்லோமனோடு பங்கு பிரித்துக்கொண்டுதான் ஆளத் தொடங்கினார். மூன்றாம் ஆண்டில் தம்பி இறந்துபோனதால் முழுவதும் கைக்கு வந்தது. 806-ல் தம்முடைய மூன்று பிள்ளைகளுக்கும் அவர் முறைப்படி பங்கு எழுதியும் வைத்தார். 810-ல் இத்தாலியை ஆண்ட பிப்பின் இறந்தான். 811-ல் மூத்தவன் சார்லஸ் இறந்தான். மிஞ்சியது கடைசி மகன் லூயி மட்டும். பேரரசு உடையாமல் அவர் கைக்கு வந்ததற்குக் காரணம் யாருடைய அரசியல் ஞானமும் அல்ல, அடுத்தடுத்து விழுந்த இரண்டு சாவுகள்.

லூயி பிறந்தது 778-ல், பொவாத்தியேவுக்கு அருகிலுள்ள சாசனேய் என்ற இடத்தில். அப்பா அப்போது ஸ்பெயினில் படையெடுப்பில் இருந்தார். பிறந்தது இரட்டைக் குழந்தைகள். முந்தைய மெரோவிங்கிய அரச வம்சத்தின் பெயர்களையே இருவருக்கும் வைத்தார்கள்: க்ளோவிஸ் என்ற பெயரின் மறுவடிவம்தான் லூயி, க்ளோத்தாரின் மறுவடிவம் லோத்தர். லோத்தர் சிறு குழந்தையாகவே இறந்துவிட்டது. மூன்று வயது லூயிக்கு 781-ல் ரோமில் போப் முதலாம் ஆட்ரியன் அபிஷேகம் செய்து, இன்றைய பிரான்ஸின் தென்மேற்கில் இருந்த அக்விடைன் நாட்டு அரசனாக்கினார். லூயியின் வாழ்க்கையை எழுதியவர்களில் பெயர் தெரியாத ஒருவர் உண்டு. வானத்து நட்சத்திரங்களைப் பற்றி அடிக்கடி பேசுவதால் அவரை 'வானியலார்' என்றே வரலாற்றாசிரியர்கள் அழைக்கிறார்கள். குழந்தை அரசனை ஆர்லியான் வரை தொட்டிலில் வைத்துத் தூக்கிப்போனதாகவும், அங்கே அவன் அளவுக்குச் செய்த ஆயுதங்களை மாட்டிக் குதிரைமேல் உட்கார வைத்து எல்லைக்குள் அழைத்துப்போனதாகவும் அவர் எழுதுகிறார். தொட்டிலில் வந்த ராஜாவை எந்த மக்கள் மதிப்பார்கள்?

ஏழு வயதில் அப்பாவைப் பார்க்க பாடர்போர்ன் போனபோது பையன் உடுத்தியிருந்தது அக்விடைனின் தென்பகுதி மக்களான காஸ்கோன்களின் உடை: வட்டமான குட்டை மேலங்கி, அகன்ற கை வைத்த சட்டை, தொளதொள கால்சட்டை, குதிமுள் வைத்த காலணி, கையில் எறிவேல். அப்பாவின் விருப்பப்படிதான் இந்த உடை. அக்விடைன் மக்களுக்கு அவன் தங்கள் ஊர்ப் பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. 33 வருடம் அங்கே அரசராக இருந்து அவர் தொழில் கற்றார். 801-ல் முஸ்லிம்களிடமிருந்து பார்சலோனாவைப் பிடித்த நீண்ட முற்றுகை அவர் பெயரில் நடந்ததுதான். வில்லிலும் வேலிலும் அவருக்கு இணையில்லை, லத்தீனைத் தாய்மொழிபோலப் பேசினார் என்கிறார் இன்னொரு வரலாற்றாளர் தெகான். விருந்தில் கோமாளிகளும் பாட்டுக்காரர்களும் ஆடிப்பாடி எல்லாரும் சிரிக்கும்போது, லூயி மட்டும் வெள்ளைப் பல் தெரியச் சிரித்ததே இல்லை என்பதும் தெகான் தரும் செய்திதான். 'சாமியார்' பட்டத்துக்கு இந்த வரிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

813 செப்டம்பரில் பேரரசின் தலைமையிடமான ஆகன் நகரத்து தேவாலயத்தில் சார்லமேன் அவரைத் துணைப் பேரரசராக்கினார். பலிபீடத்தின்மேல் இருந்த முடியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னார் என்று தெகான் எழுதுகிறார். அடுத்த ஜனவரி 28-ல் அப்பா இறந்தார். சுமார் ஒரு மாதம் கழித்து லூயி ஆகனுக்குள் நுழைந்த விதத்தில் சாதுத்தனம் எதுவும் தெரியவில்லை. அரண்மனையைச் சுற்றியிருந்த பெண்களை வெளியேற்றினார். மணம் செய்துகொடுக்காமல் அப்பா தம்மோடே வைத்திருந்த சகோதரிகளை மடங்களுக்கு அனுப்பினார். அவர்களோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவனுடைய கண் பறிபோனது. அப்பாவின் ஆட்சியில் செல்வாக்கோடு இருந்த உறவினர்களில் அடலார்ட் ஒரு தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய தம்பி வாலா தாமே மொட்டையடித்துக்கொண்டு துறவியானார். இது ஒழுக்கச் சீர்திருத்தம் என்று சொல்லப்பட்டது. பழைய ஆட்களைக் களையெடுப்பது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான் என்று லூயி உண்மையாகவே நம்பினார் என்பது என் எண்ணம்.

பட்டப்பெயரில் அவர் செய்த மாற்றத்தைப் பாருங்கள். சார்லமேன் பேரரசரான பிறகும் 'பிராங்கியர்களுக்கும் லொம்பார்டியர்களுக்கும் அரசர்' என்று ஆவணங்களில் போட்டுக்கொண்டார். லூயி அதை எடுத்துவிட்டு, இறைவனின் திருவுளத்தால் பேரரசர் என்று மட்டும் வைத்துக்கொண்டார். அவர் வெளியிட்ட வெள்ளிக்காசு ஒன்றில் ஒரு பக்கம் கோயில் முகப்பு, சுற்றிலும் 'கிறிஸ்தவ சமயம்' என்ற எழுத்து. அச்சடித்த ஊரின் பெயர்கூட இல்லை. பல இனங்கள், பல சட்டங்கள் கொண்ட அந்த நிலப்பரப்பை ஒன்றாகக் கட்டக்கூடிய ஒரே கயிறு சமயம்தான் என்று அவர் கண்டுகொண்டார். அனியான் மடத்து பெனடிக்ட் என்ற துறவியை ஆகனுக்கு அருகிலேயே மடம் கட்டிக் குடியமர்த்தி, 816, 817-ல் கூட்டிய சங்கங்களின் வழியாக எல்லா மடங்களுக்கும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவர முயன்றார். மடங்களுக்கு ஒரே விதி என்றால், நாட்டுக்கும் ஒரே அரசர்தானே?

817 ஏப்ரல் 9, பெரிய வியாழன். ஆகன் தேவாலயத்தில் வழிபாடு முடிந்து லூயி அரண்மனைக்குத் திரும்பும் வழியில் மரத்தாலான நடைபாதை இற்றுப்போய் நொறுங்கியது. கூட வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு பேரரசரும் கீழே விழுந்தார். சொந்த வாளின் பிடி இடது மார்பின் கீழே குத்தியது, வலது காதின் பின்புறம் காயம், தொடையில் ஒரு மரத்துண்டு அடித்தது என்று அரசவை ஆண்டுக்குறிப்பு மருத்துவச் சான்றிதழ்போல எழுதி வைத்திருக்கிறது. கொஞ்ச நாளில் எழுந்து வேட்டைக்குப் போய்விட்டார். ஆனால் சாவு இவ்வளவு கிட்டே வந்துபோன சில மாதங்களில், அந்த ஜூலையில், அவர் வாரிசு ஏற்பாட்டைச் செய்தார்.

மூன்று நாள் உபவாசம், ஜெபம், தானம். அதன் பிறகு கடவுளின் விருப்பம் இதுதான் என்று அறிவித்தார்கள். மூத்த மகன் லோத்தர் துணைப் பேரரசர். இரண்டாம் மகன் பிப்பினுக்கு அக்விடைன், சிறுவன் லூயிக்கு பவேரியா. இவனைத்தான் பின்னாளில் ஜெர்மானிய லூயி என்கிறோம். தம்பிகள் ஆண்டுதோறும் காணிக்கையோடு அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும்; அண்ணனைக் கேட்காமல் போருக்கும் போகக்கூடாது, கல்யாணமும் செய்துகொள்ளக்கூடாது. பிராங்கியர் வரலாற்றில் இது ஒரு புரட்சி. சமபங்கு என்ற பழைய வழக்கத்தின் மேல் 'பிரிக்க முடியாத பேரரசு' என்ற புதிய கருத்தை ஏற்றி வைத்தார். கடவுளே தந்த முடிவு என்று முத்திரையும் குத்திவிட்டார். அந்த முத்திரையின் விலை அப்போது அவருக்குத் தெரியவில்லை.

முதலில் அடிபட்டவன் அண்ணன் மகன் பெர்னார்ட். அவன் தன் அப்பா பிப்பினுக்குப் பிறகு இத்தாலியை ஆண்டுவந்தான். பத்திரத்தில் இத்தாலி லோத்தருக்குக் கீழ் வந்தது. பெர்னார்டின் பெயரே இல்லை. அவன் கிளர்ந்தான். ஆனால் படை கரையவே, ஷாலோன் நகரத்தில் லூயியின் காலில் வந்து விழுந்தான். மரண தண்டனை விதித்து, பிறகு கருணை காட்டி, கண்களைப் பறிக்க உத்தரவிட்டார்கள். 818 ஏப்ரலில் அந்தக் கருணை நிறைவேறியது. இரண்டே நாளில் பையன் செத்தான். இதே சூட்டில் லூயி தம்முடைய மாற்றாந்தாய் வழித் தம்பிகள் மூவரையும் முடிகளைந்து மடத்துக்கு அனுப்பினார். மென்மையான மனிதர் என்று சொல்பவர்கள் இந்த ஒரு வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

822-ல் அத்திஞி என்ற ஊரில் கூடிய பேரவையில், எல்லார் முன்னிலையிலும், பெர்னார்டுக்கும் அடலார்டுக்கும் வாலாவுக்கும் இழைத்த தீங்குகளுக்காக லூயி பாவமன்னிப்புக் கேட்டுத் தவம் ஏற்றார். அடலார்டும் வாலாவும் திரும்பி அழைக்கப்பட்டார்கள். இதைப் பலவீனம் என்று எழுதியவர்கள் ஏராளம். ரோமப் பேரரசர் தியோடோசியஸ் முன்பு செய்த காரியம்தான் இது. அந்தக் காலத்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். பாவத்தைத் தாமாக ஒப்புக்கொள்ளும் அரசன் ஆயர்களின் கண்ணில் உயர்ந்துதான் போனான். ஆனால் ஒரு விஷயம் அன்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: பேரரசர் செய்தது பாவம் என்று ஒரு சபை சொல்ல முடியும், சொன்னால் அவர் தலைகுனிவார்.

இனி இளைய தாரத்தின் கதை. முதல் மனைவி இர்மன்கார்ட் 818 அக்டோபரில் இறந்தார். லூயி துறவு பூண்டுவிடுவாரோ என்று அரசவை பயந்து, பிரபுக்களின் பெண்களை வரவழைத்துக் காட்டியது. அவர்களில் வெல்ஃப் பிரபுவின் மகள் ஜூடித்தை அவர் 819-ல் மணந்தார். 823 ஜூன் 13-ல் பிறந்தான் சார்லஸ். வழுக்கைத் தலைச் சார்லஸ் என்று வரலாறு அழைப்பது இவனைத்தான். அவனுக்கு ஞானத்தகப்பனாக நின்றது லோத்தர். அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே ஏறக்குறைய 28 வயது வித்தியாசம். பங்கு கொடுக்க மிச்சம் நிலமும் இல்லை. சொத்து முழுவதையும் மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த பிறகு இளைய தாரத்துக்கு ஒரு பையன் பிறந்தால் அந்த வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான் ஆகனிலும் நடந்தது.

இடையில் 826-ல் ஆட்சியின் உச்சம் ஒன்று உண்டு. டென்மார்க்கின் அரசன் ஹாரல்ட் குடும்பத்தோடு வந்து மைன்ஸ் நகரத்தில் ஞானஸ்நானம் பெற்றான். அவனுக்கு லூயி ஞானத்தகப்பன், அவன் மனைவிக்கு ஜூடித் ஞானத்தாய். அதே ஆண்டில் வெனிஸிலிருந்து வந்த ஜார்ஜ் என்ற குருவானவர் ஆகன் அரண்மனையில் காற்று ஊதி இசைக்கும் ஆர்கன் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். அதுவரை கிரேக்கர்கள் மட்டுமே பெருமையடித்துக்கொண்டிருந்த பொருள் அது. அடுத்த ஆண்டே ஸ்பெயின் எல்லையில் கலகம். உதவிக்குப் போக வேண்டிய பிரபுக்கள் ஹியூவும் மத்ஃபிரிடும் வழியில் ஆற அமர நடந்ததால் காரியம் கெட்டது. 828-ல் இருவருடைய பதவிகளும் பறிக்கப்பட்டன. இதில் ஹியூ, லோத்தரின் மாமனார்.

829-ல் வோர்ம்ஸில் லூயி தம்முடைய பத்திரத்தைக் கிழித்தார். ஆறு வயது சார்லஸுக்கு இன்றைய தென்மேற்கு ஜெர்மனிப் பக்கத்து அலமானியாவை ஒதுக்கி, லோத்தரை இத்தாலிக்கு அனுப்பி, பார்சலோனாவைக் காத்த பெர்னார்ட் என்ற முரட்டுப் பிரபுவை அரண்மனைப் பொறுப்பாளராகக் கொண்டுவந்தார். அவனுக்கும் ஜூடித்துக்கும் கள்ளத்தொடர்பு என்று எதிரிகள் பரப்பினார்கள். பிராங்கியப் பழக்கத்தின்படி பார்த்தால் புதிதாகப் பிறந்த பிள்ளைக்குப் பங்கு கொடுப்பது முழுக்க நியாயம். ஆனால் 817-ல் நடந்தது சாதாரணப் பங்கு அல்லவே; மூன்று நாள் உபவாசமிருந்து கடவுளிடம் கேட்டு வாங்கிய முடிவு. லியோன் பேராயர் அகோபார்ட் இந்த முடிச்சைத்தான் பிடித்து இழுத்தார்: கடவுள் பெயரால் செய்ததை மாற்றுவது பாவம். பங்காளிச் சண்டைக்கு வேதாந்தம் கிடைத்துவிட்டது.

830-ல் தவக்காலத்தில் பிரிட்டனி மீது படையெடுக்கக் கிளம்பியபோது முதல் கலகம் வெடித்தது. ஜூடித் பொவாத்தியே கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். பெர்னார்ட் ஓடிப்போனான், அவனுடைய தம்பியின் கண்களைப் பறித்தார்கள். லூயி அமைதியாக இளைய மகன்கள் இருவரையும் அண்ணனிடமிருந்து பிரித்து, அந்த அக்டோபரிலேயே நைமேகனில் மேல்கை எடுத்துவிட்டார். பலவீனர் செய்கிற வேலையா இது?

833-தான் பெரிய அடி. ஜூன் மாதம், கோல்மார் அருகே ஒரு சமவெளியில் ஒரு பக்கம் லூயி. எதிர்ப்பக்கம் மூன்று மகன்களும், லோத்தர் இத்தாலியிலிருந்து கூட்டிவந்த போப் நான்காம் கிரிகோரியும். போர் நடக்கவில்லை. பல நாள் தூதும் பேச்சும் நடந்தன. ஒவ்வொரு இரவும் லூயியின் கூடாரங்கள் காலியாகிக்கொண்டே போயின. பரிசு, வாக்குறுதி, மிரட்டல் எல்லாம் வேலை செய்தன. கடைசியில் மிஞ்சிய கொஞ்சப் பேரிடம், என் பிள்ளைகளிடம் போய்விடுங்கள், என் பொருட்டு யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பியதாகத் தெகான் எழுதுகிறார். அழுதுகொண்டே போனார்களாம். மக்கள் அந்த இடத்துக்குப் 'பொய்களின் வயல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜூடித்தை இத்தாலிக்கும், பத்து வயது சார்லஸை ப்ரூம் மடத்துக்கும் அனுப்பிவிட்டு, லூயியை சுவாசோன் நகரின் புனித மெடார்ட் மடத்தில் அடைத்தான் லோத்தர்.

அக்டோபரில் நடந்தது ஒரு நாடகம். அதன் வசனமெல்லாம் லூயியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. 'எப்போ' என்ற பெயருள்ள பேராயரும் மற்ற ஆயர்களும் எட்டுக் குற்றச்சாட்டுகள் கொண்ட தாளை அவர் கையில் கொடுத்தார்கள். அதில் அண்ணன் மகன் பெர்னார்டின் சாவு இருந்தது. 11 வருடத்துக்கு முன்பே அதற்கு அவர் தவம் செய்துவிட்டார் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. தவக்காலத்தில் படையெடுத்தது இருந்தது. பத்திரத்தை மீறியது இருந்தது. பலிபீடத்தின் முன் உரோமத்தால் நெய்த முரட்டுத் துணியில் விழுந்து, தாளை வாசித்து, அழுது, இடுப்பிலிருந்த வாள்கச்சையைக் கழற்றிப் பீடத்தில் வைத்தார். வாள் போனால் அரசும் போயிற்று. பகிரங்கத் தவம் ஏற்றவன் மீண்டும் ஆயுதம் ஏந்தக்கூடாது என்பது விதி. 822-ல் தாமாக நடந்து போன வழியிலேயே இந்த முறை அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் மசியவில்லை. துறவி ஆகிவிடு என்று லோத்தர் எவ்வளவோ அழுத்தியும், நான் என் விருப்பத்துக்கு உரியவனாக இல்லாத நிலையில் எந்தத் துறவு வாக்கும் தரமாட்டேன் என்ற நிலையில் நின்றார். மடத்துக்குப் போயிருக்க வேண்டிய மனிதர் என்கிறோம். மடத்துக்குள்ளேயே பூட்டி வைத்தும் அவரைத் துறவியாக்க முடியவில்லை.

பிப்பினும் ஜெர்மானிய லூயியும் அண்ணனின் அதிகாரத்தைக் கண்டு மிரண்டு அப்பா பக்கம் திரும்ப, 834 பிப்ரவரி இறுதியில் லோத்தர் அவரை சான்தெனி மடத்தில் விட்டுவிட்டு ஓடினான். சுற்றியிருந்தவர்கள் உடனே முடியைச் சூடிக்கொள்ளச் சொன்னார்கள். லூயி மறுத்தார். சபையால் நீக்கப்பட்டவன், சபையாலேயே சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, ஆயர்களின் கையாலேயே வாள்கச்சையைக் கட்டிக்கொண்டார். எதிரிகளுக்கு எந்தச் சடங்கு ஆயுதமாக இருந்ததோ அதே சடங்கால் அதை முறித்தார். 835-ல் மெட்ஸில் மறுபடி முடிசூட்டு விழா. நடத்தி வைத்தவர் அவ்வூர் ஆயர் த்ரோகோ. 818-ல் லூயி முடிகளைந்து மடத்துக்கு அனுப்பிய அதே மாற்றாந்தாய் வழித் தம்பி.

லோத்தர் பின்வாங்கும்போது ஷாலோன் நகரைக் கொளுத்தி, பெர்னார்ட் பிரபுவின் சகோதரியான கன்னியாஸ்திரி கெர்பெர்காவைப் பீப்பாயில் அடைத்து ஆற்றில் மூழ்கடித்தான். எப்போவின் கதி வேறு. அவர் அடிமைக் குடும்பத்தில் பிறந்து, லூயியோடு வளர்ந்து, அவரால் விடுதலை பெற்று, ரெய்ம்ஸ் பேராயர் ஆனவர். 835-ல் பதவி இழந்தார். அவரைப் பற்றித் தெகான் எழுதியது இன்றும் சுடுகிறது: அவர் உன்னைச் சுதந்திரனாக்கினார், குலமகனாக்கவில்லை, அது முடியாத காரியம். எப்போ செய்தது துரோகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தெகானின் அந்த வரியில் இருப்பது துரோகத்தின் மேல் கோபம் மட்டும் அல்ல, பிறப்பின் திமிரும்தான்.

கடைசி ஆண்டுகளில் கிழவர் ஓயவில்லை. 837-ல் வால்நட்சத்திரம் தெரிந்தது. இன்று ஹேலி என்று நாம் பெயர் சொல்வதுதான் அது. வானியலாரை அழைத்து என்ன பொருள் என்று கேட்டார். அவர் மழுப்ப, அரசன் சாவுக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் அறிகுறி என்பார்களே, அதை ஏன் மறைக்கிறாய் என்று லூயியே சொல்லிவிட்டார். இரவெல்லாம் ஜெபித்து, தானம் செய்யச் சொல்லி, பிறகு ஆர்டென் காட்டுக்கு வேட்டையாடப் போனார். வேட்டை நன்றாக வாய்த்ததாம். 838-ல் பிப்பின் இறந்தான். 839-ல் வோர்ம்ஸில் லோத்தர் வந்து காலில் விழ, பவேரியா நீங்கலாக மொத்த நாட்டையும் அப்பா இரண்டாகப் பிரித்து, உனக்கு எது வேண்டுமோ எடு என்றார். அவன் கிழக்குப் பாதியை எடுத்தான், மேற்கு சார்லஸுக்கு. அக்விடைனில் பிப்பினின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டதால் அங்கே கலகம். பவேரியாவில் மட்டும் முடங்கிய ஜெர்மானிய லூயியும் கலகம்.

840 மே 5-ல் சூரிய கிரகணம். ஜெர்மானிய லூயியை அடக்கப் போன பயணத்தில் நோய் முற்றி, ரைன் நதியில் இங்கல்ஹைம் அருகே ஒரு தீவில் படுத்தார். சுமார் நாற்பது நாள் நற்கருணை தவிர வேறு ஆகாரம் இறங்கவில்லை என்று எழுதுகிறார் வானியலார். படுக்கை அருகில் த்ரோகோ. கலகக்கார மகனை மன்னித்தார். அப்பாவின் நரைத்த தலையைத் துயரத்தோடு சாவுக்கு அனுப்பினான் என்று அவனுக்கு நினைவூட்டச் சொல்லிவிட்டு மன்னித்தார். கடைசி நேரத்தில் இடது பக்கம் முகத்தைத் திருப்பி, கோபத்தோடு இரண்டு முறை "ஹுட்ஸ், ஹுட்ஸ்" என்றாராம். 'வெளியே போ' என்று பொருள். பிசாசைத் துரத்தினார் என்று சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 20-ல் உயிர் பிரிந்தது. மெட்ஸில் தாய் ஹில்டகார்டின் அருகே, செங்கடலைக் கடக்கும் காட்சி செதுக்கிய பழைய ரோமானியக் கல்பெட்டியில் அடக்கம் செய்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் அது உடைந்தது. துண்டுகள் சில மெட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சாவதற்கு முன் முடியையும் வாளையும் லோத்தருக்கு அனுப்பி வைத்தார். ஜூடித்துக்கும் சார்லஸுக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வருடமும் ஐந்து நாளும் கழித்து, 841 ஜூன் 25-ல், ஃபோந்தனுவா களத்தில் லோத்தர் நின்றான். எதிரே ஜெர்மானிய லூயியும், 18 வயது சார்லஸும். லோத்தர் தோற்றான். 843-ல் வெர்டனில் மூவரும் உட்கார்ந்து, பாட்டன் காலத்து வழக்கப்படியே, நாட்டை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.